சர்வரின் இரவு வேலைகளைச் சங்கிலியாகக் கோத்தல்: சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்துவந்த ஒரு சர்வரில் ஒவ்வோர் இரவும் மூன்று வேலைகள் நடந்தன. 1 மணிக்குத் தரவுத்தளத்தின் நகல் எடுக்கப்படும். 2 மணிக்கு அந்த நகல் சுருக்கப்படும். 3 மணிக்குச் சுருக்கப்பட்ட கோப்பு வேறோர் ஊரிலுள்ள சர்வருக்கு அனுப்பப்படும். மூன்றும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் என்ற நிரலின் பட்டியலில் மூன்று தனித்தனி வரிகளாக இருந்தன. தொடக்கத்தில் நகல் எடுக்க இருபது நிமிடங்களே பிடித்ததால், ஒரு மணி நேர இடைவெளி தாராளமானது என்றே நினைத்தேன். தரவு வளர்ந்தது, ஒரு நாள் நகலெடுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அன்று முதல் பாதி எழுதப்பட்ட கோப்பு சுருக்கப்பட்டு, அந்தப் பாதியே வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேலையும் தன்னளவில் வெற்றியாகவே முடிந்ததால், எங்கும் ஒரு பிழைச்செய்தியும் எழவில்லை. தவறுதலாக அழிக்கப்பட்ட ஓர் அட்டவணையை மீட்கப் பழைய நகல்களைத் திறந்த அன்றுதான், கையில் முழுமையான நகல் ஒன்றுகூட இல்லை என்பது தெரியவந்தது.

தவறு கிரானுடையது அன்று. ஒரு வேலை முடிந்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, இந்நேரம் முடிந்திருக்கும் என்று நான் ஊகித்ததுதான் தவறு. ஒன்றன் முடிவைப் பொறுத்தே அடுத்தது தொடங்க வேண்டிய வேலைகளைக் கடிகாரத்தால் கோக்கக் கூடாது. முடிவால்தான் கோக்க வேண்டும். அதைப் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஏற்கெனவே இருக்கும் கருவியைக் கொண்டே, புதிதாக எதையும் நிறுவாமல், எப்படிச் செய்வது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அந்தக் கருவி சிஸ்டம்டி. லெனார்ட் பாட்டரிங் 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் இதன் எண்ணத்தை வெளியிட்டார். 2011இல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வகை இதை முதன்மையாக ஏற்றது. 2014இல் ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவை தொடர்ந்தன. சர்வரில் ஓடும் சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் நாம் அன்றாடம் தட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை இதனுடையதுதான். ஆனால் வெப் சர்வரை மறுதொடக்கம் செய்வதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவோர் பலர். பல கட்டங்களைக் கொண்ட ஒரு பணியோட்டத்தை முழுவதுமாக அதனால் நடத்த முடியும்.

கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்திலும் கோப்புகளிலும் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். ஒவ்வொரு வேலையையும் சிஸ்டம்டிக்கு விவரிக்கும் யூனிட் கோப்புகளின் பெயர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறுகோடு, புள்ளி போன்ற சில குறிகளுக்கு மட்டுமே இடமுண்டு.

தொடங்கும் முன்: பதிப்பைப் பார்த்தல்

சிஸ்டம்சிடிஎல் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் வெர்ஷன் என்ற சொல்லைச் சேர்த்தால் முதல் வரியில் ஓர் எண் வரும். அது 249 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீழே சொல்லும் முறை அப்படியே பொருந்தும். உபுண்டு 22.04இல் 249, டெபியன் 12இல் 252 என்ற பதிப்புகள் உள்ளன. டெபியன் 11இல் இருப்பது 247. அத்தகைய பழைய சர்வர்களுக்கான மாற்றுவழியை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இருக்கும் கிரான் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்வதும் இப்போதே செய்ய வேண்டியது. கிரான்டேப் கட்டளையுடன் சிறுகோடு எல் சேர்த்தால் பட்டியல் திரையில் வரும். அதைக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பட்டியலைத் திருத்தும் எழுத்தான ஈ விசைப்பலகையில் ஆர் எழுத்துக்கு அடுத்துதான் இருக்கிறது. கை தவறிச் சிறுகோடு ஆர் என்று தட்டிவிட்டால், பட்டியல் முழுவதும் எந்தக் கேள்வியும் இன்றி அழிந்துவிடும்.

முதல் படி: பொய் சொல்லாத ஸ்கிரிப்டுகள்

சங்கிலி முழுவதும் ஒரே ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. வேலை வெற்றி பெற்றால், அதன் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பான ஸ்கிரிப்ட் 0 என்ற முடிவு எண்ணுடன் வெளியேற வேண்டும். தோற்றால் வேறோர் எண்ணுடன் வெளியேற வேண்டும். சிஸ்டம்டி பார்ப்பது இதை மட்டும்தான். எனவே தோல்வியை வெற்றியாக அறிவிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று நடுவில் இருந்தால், மற்ற ஏற்பாடுகளால் பயனில்லை. இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பிஜி_டம்ப் கட்டளையால் எடுத்து, அதன் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாகச் சுருக்கும் கட்டளையான ஜிஜிப்புக்கு அனுப்புவது பரவலான வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குழாயால் இணைத்த கட்டளைகளின் முடிவு எண், இயல்பாக, கடைசிக் கட்டளையின் எண்தான். பிஜி_டம்ப் இணைப்பு அறுந்து நடுவில் நின்றாலும், தனக்கு வந்து சேர்ந்த கொஞ்சத்தைச் சுருக்கி முடித்த ஜிஜிப் 0 என்று சொல்லும். ஸ்கிரிப்டும் 0 என்றே சொல்லும். இதைத் தடுக்க, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்களில் ஒன்றான பாஷுக்கு எழுதும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் கட்டளையால் மூன்று தன்மைகளை இயக்க வேண்டும்: எந்தக் கட்டளை தோற்றாலும் நிற்கச் செய்யும் எர்எக்ஸிட், மதிப்பிடப்படாத மாறியைப் பிழையாகக் கருதும் நௌன்செட், குழாயின் எந்தக் கண்ணி தோற்றாலும் முழுக் குழாயையும் தோல்வியாகக் கருதும் பைப்ஃபெயில். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்னும் வேறு ஷெல். அங்கே பைப்ஃபெயில் கிடைக்கும் என்று எண்ணி எழுத முடியாது.

நகல் எடுக்கும் ஸ்கிரிப்டில் நான் குழாயையே தவிர்த்துவிடுகிறேன். பிஜி_டம்ப் கட்டளைக்குக் கஸ்டம் வடிவத்தைக் கேட்டால் அதுவே சுருக்கி எழுதித் தரும். அப்படி எழுதும்போது இறுதிப் பெயரில் எழுதாமல், பெயரின் முடிவில் பார்ட் என்று சேர்த்த தற்காலிகப் பெயரில் எழுதி, கட்டளை வெற்றியாக முடிந்த பிறகே எம்வி கட்டளையால் இறுதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் நிகழும். பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. இறுதிப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது முழுமையான கோப்பு என்று அடுத்த ஸ்கிரிப்ட் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். என் பழைய ஏற்பாட்டில் இந்த ஒன்று மட்டும் இருந்திருந்தாலே பாதி நகல் ஊர் தாண்டியிருக்காது.

இரண்டாவது ஸ்கிரிப்ட் சரிபார்ப்புக்கானது. பிஜி_ரீஸ்டோர் கட்டளையைப் பட்டியலிடும் தன்மையுடன் ஓட்டி, பட்டியல் வந்தால் நகல் நலம் என்று முடிவு கட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். கஸ்டம் வடிவக் கோப்பில் அந்தப் பட்டியல் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. ஆகவே வால் அறுந்த கோப்பும் முழுப் பட்டியலைக் காட்டக்கூடும். மாறாக, பிஜி_ரீஸ்டோர் வெளியீட்டை டெவ் அடைவிலுள்ள நல் என்ற வெற்றுக் கோப்புக்கு அனுப்பும்படி ஓட்டினால், அது கோப்பின் கடைசிவரை தரவைப் படித்தாக வேண்டும். அறுந்திருந்தால் அங்கே தோற்கும். வாரம் ஒரு முறை வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் உண்மையாகவே மீட்டுப் பார்ப்பது இதைவிட மேலானது. ஆனால் இரவுதோறும் செய்ய இந்தச் சோதனை போதுமான கண்டிப்புடையது.

மூன்றாவது ஸ்கிரிப்ட் ஆர்சிங்க் கட்டளையால் கோப்பை மறு சர்வருக்கு அனுப்புகிறது. மூன்று ஸ்கிரிப்டுகளையும் யூஎஸ்ஆர் அடைவின் லோக்கல் பகுதியில், எஸ்பின் அடைவுக்குள் வைத்து, இயக்க அனுமதி கொடுத்து, முதலில் கையால் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் எக்கோ கட்டளையுடன் டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து முடிவு எண்ணைப் பார்க்கலாம். வேண்டுமென்றே தரவுத்தளத்தின் பெயரைத் தவறாகக் கொடுத்தும் ஓட்டுங்கள். அப்போதும் 0 வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வீஸ் கோப்பு

ஈடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற அடைவு இருக்கும். நாம் எழுதும் யூனிட் கோப்புகளுக்கு உரிய இடம் அதுதான். அங்கே பேக்கப்-டம்ப், பேக்கப்-செக், பேக்கப்-காப்பி என்ற மூன்று பெயர்களில், புள்ளி சர்வீஸ் என்ற முடிவுடன், மூன்று கோப்புகளை உருவாக்குங்கள். மூன்றுக்கும் பேக்கப் என்ற பொது முன்னொட்டு வைப்பதில் ஒரு பயன் உண்டு. பிறகு சிஸ்டம்டியின் பதிவேட்டைப் படிக்கும்போது ஒரே நட்சத்திரக் குறியால் மூன்றையும் சேர்த்து அழைக்கலாம்.

ஒவ்வொரு கோப்பிலும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் தலைப்புகள் இரண்டு: யூனிட், சர்வீஸ். யூனிட் தலைப்பின் கீழ் டிஸ்கிரிப்ஷன் என்ற வரியில் வேலையை ஒரு வாக்கியத்தில் விவரிக்க வேண்டும். சர்வீஸ் தலைப்பின் கீழ், டைப் என்பதற்கு ஒன்ஷாட் என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஓடி முடிந்து வெளியேறும் வேலை இது, என்றும் ஓடிக்கொண்டிருக்கும் சேவை அன்று என்பதை அந்தச் சொல் அறிவிக்கிறது. அடுத்து யூசர் என்ற வரியில் வேலையை ஓட்ட வேண்டிய பயனர். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் பெயரில் எல்லாவற்றையும் ஓட்டும் பழக்கத்தை விடுவதற்கு இது நல்ல தருணம்; நகல் எடுப்பதற்கென்றே ஒரு பயனரை உருவாக்குங்கள். அதன் பின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதை.

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் வழியாக ஓடுவதில்லை. குழாய்க்குறியும் திருப்பிவிடும் குறியும் அங்கே வேலை செய்யா. அவை வெறும் எழுத்துகளாகவே கட்டளைக்குப் போய்ச் சேரும். சதவீதக் குறிக்கு அங்கே தனிப் பொருள் உண்டு. அந்தக் குறியே வேண்டுமானால் இரட்டித்து எழுத வேண்டும். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்க முயல்வோர் இதில்தான் முதலில் சிக்குவார்கள். இத்தகைய எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்து, யூனிட் கோப்பில் ஸ்கிரிப்டின் பாதையை மட்டும் எழுதுவதே தெளிவானது.

கால வரம்பைக் கட்டாயம் கொடுங்கள். மற்ற வகைச் சேவைகளுக்குத் தொடக்க நேரத்தில் ஒரு வரம்பு தானாக உண்டு. ஒன்ஷாட் வேலைக்கு இயல்பாக எந்த வரம்பும் இல்லை. தரவுத்தளத்தில் ஒரு பூட்டு விழுந்து பிஜி_டம்ப் காத்துக்கொண்டே இருந்தால், அது நாள்கணக்கில் அப்படியே காத்திருக்கும். தோல்வி என்று எதுவும் பதியாது; குறித்த நேரத்தில் வேலையை எழுப்பும் டைமர் (ஐந்தாம் படியில் வரும்) மறுநாள் வந்து தட்டும்போதும், வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் புதிதாக எதுவும் தொடங்காது. டைம்அவுட்ஸ்டார்ட்செக் என்ற வரியில், வழக்கமான நேரத்தைப்போல மூன்று நான்கு மடங்கைக் கொடுத்தால் இந்த மௌனம் தோல்வியாக வெளிப்படும். ஏற்கெனவே ஓடும் வேலையை மறுபடி தொடங்காத அந்தத் தன்மை மற்றபடி நமக்குப் பெரிய நன்மை. கிரானில் ஒரே வேலை இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடாமல் தடுக்க ஃப்ளாக் கட்டளையால் நாமே பூட்டுப் போட வேண்டியிருந்தது.

மூன்றாம் படி: கண்ணிகளைக் கோத்தல்

பேக்கப்-டம்ப் கோப்பின் யூனிட் தலைப்பின் கீழ், ஆன்சக்சஸ் என்ற வரியில் பேக்கப்-செக் சர்வீஸின் முழுப் பெயரை எழுதுங்கள். பேக்கப்-செக் கோப்பில் அதே வரியில் பேக்கப்-காப்பி சர்வீஸின் பெயரை எழுதுங்கள். அவ்வளவுதான். முதல் வேலை 0 என்று முடிந்தால் மட்டுமே இரண்டாவது தொடங்கும். அது 0 என்று முடிந்தால் மட்டுமே மூன்றாவது தொடங்கும். நகலெடுப்புக்கு இருபது நிமிடம் ஆனாலும் மூன்று மணி நேரம் ஆனாலும் இந்த வரிசை பிசகாது.

249க்கு முந்தைய பதிப்புகளில் ஆன்சக்சஸ் இல்லை. அங்கே எதிர்த்திசையில் கோக்க வேண்டும். பேக்கப்-செக் கோப்பில் ரிக்வயர்ஸ், ஆஃப்டர் ஆகிய இரண்டு வரிகளிலும் பேக்கப்-டம்ப் சர்வீஸின் பெயரை எழுத வேண்டும். பேக்கப்-காப்பி கோப்பில் அவ்விரு வரிகளிலும் பேக்கப்-செக் பெயர் வரும். ரிக்வயர்ஸ் என்பது தேவையை மட்டுமே சொல்கிறது, வரிசையைச் சொல்வதில்லை. ஆஃப்டர் வரியை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். இந்த முறையில் டைமரைக் கடைசி வேலையான பேக்கப்-காப்பிக்கு வைக்க வேண்டும். அது தனக்குத் தேவையானவற்றைப் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும்.

இரண்டில் எனக்கு ஆன்சக்சஸ் முறையே உகந்தது. அனுப்பும் கட்டத்தில் மட்டும் வலையமைப்புக் கோளாறால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். ஆன்சக்சஸ் முறையில் பேக்கப்-காப்பியை மட்டும் கையால் தொடங்கினால் போதும். ரிக்வயர்ஸ் முறையில் அதைத் தொடங்கினால், முடிந்துபோய் ஓய்ந்திருக்கும் முந்தைய இரண்டும் மறுபடி முதலிலிருந்து ஓடும். பகல் 11 மணிக்குத் தரவுத்தளத்தை முழுவதும் நகலெடுக்கும் நிலையை யாரும் விரும்ப மாட்டார்கள்.

நான்காம் படி: தோல்வியைச் சத்தமாகச் சொல்ல வைத்தல்

சங்கிலி நின்றுவிடுவது மட்டும் போதாது. நின்றது ஒரு மனிதருக்குத் தெரிய வேண்டும். அதற்காக அலர்ட் என்ற பெயரில் ஒரு மாதிரிக் கோப்பை உருவாக்குகிறோம். அதன் பெயரில் அலர்ட் என்பதற்குப் பின் அட் குறி, பிறகு புள்ளி சர்வீஸ் என்று வரும். அட் குறிக்குப் பின்னால் எந்தப் பெயரைக் கொடுத்து அழைத்தாலும், அந்தப் பெயரைக் கோப்புக்குள் சதவீதக் குறியும் சிறிய ஐ எழுத்தும் சேர்ந்த குறியால் பெறலாம். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஓர் எச்சரிக்கை ஸ்கிரிப்டின் பாதையையும் அந்தக் குறியையும் எழுத வேண்டும். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது, தனக்கு வந்த பெயரின் கடைசி 30 பதிவு வரிகளை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் எடுத்து மின்னஞ்சலாகவோ உங்கள் குழு பார்க்கும் வேறு வழியிலோ அனுப்புவது. அதை ஓட்டும் பயனர் சிஸ்டம்டி-ஜர்னல் என்ற குழுவில் இருந்தால்தான் பதிவுகளைப் படிக்க முடியும்.

பிறகு மூன்று சர்வீஸ் கோப்புகளிலும் யூனிட் தலைப்பின் கீழ் ஆன்ஃபெய்லியர் என்ற வரியைச் சேர்த்து, அதில் அலர்ட், அட் குறி, சதவீதக் குறியுடன் சிறிய என் எழுத்து, புள்ளி சர்வீஸ் என்று எழுதுங்கள். என் எழுத்துக் குறி அந்தந்த யூனிட்டின் முழுப் பெயராக மாறும். எனவே மூன்று கோப்புகளிலும் ஒரே வரியை எழுதலாம்.

அனுப்பும் வேலை தற்காலிக வலையமைப்புக் கோளாறால் தோற்பது இயல்பு என்பதால், பேக்கப்-காப்பிக்கு மட்டும் மறுமுயற்சி கொடுக்கலாம். ரீஸ்டார்ட் என்ற வரிக்கு ஆன்-ஃபெய்லியர் என்றும், ரீஸ்டார்ட்செக் என்ற வரிக்கு 5 நிமிடம் என்றும் மதிப்புக் கொடுத்தால், தோற்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி ஓடும். ஒன்ஷாட் வேலைகளுக்கு இந்த வசதி 244ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் இந்த இரண்டு வரிகளோடு நிறுத்தினால், மேலே செய்த எச்சரிக்கை ஏற்பாட்டை நாமே முடக்கிவிடுகிறோம். மறுமுயற்சி உள்ள சேவை, மறுதொடக்க வரம்பு தீர்ந்த பிறகே தோல்வி நிலைக்குள் நுழையும். அதன் பின்பே ஆன்ஃபெய்லியர் இயங்கும். இயல்பான வரம்பு 10 வினாடிக்குள் 5 தொடக்கங்கள். 5 நிமிட இடைவெளியில் தொடங்கும் வேலை அந்த வரம்பை ஒருபோதும் எட்டாது. மறு சர்வர் ஒரு வாரம் அணைந்திருந்தாலும் நம் வேலை 5 நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கையும் வராது. ஆகவே யூனிட் தலைப்பின் கீழ் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் என்பதற்கு 6 மணி நேரம், ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட் என்பதற்கு 3 என்று கொடுங்கள். மூன்று முயற்சிகளும் அவற்றின் இடைவெளிகளும் அந்த 6 மணி நேரத்துக்குள் அடங்கும்படி கால வரம்பையும் பொருத்தி வையுங்கள். அதன் பின் மூன்று முறை தோற்றதும் எச்சரிக்கை வரும்.

ஐந்தாம் படி: டைமர்

இப்போதுதான் கடிகாரத்துக்கு வேலை வருகிறது, அதுவும் ஒரே ஒரு முறை. பேக்கப்-டம்ப் என்ற அதே பெயரில், புள்ளி டைமர் என்ற முடிவுடன் ஒரு கோப்பை உருவாக்குங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால், எந்தச் சர்வீஸை எழுப்ப வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. டைமர் தலைப்பின் கீழ் ஆன்காலண்டர் என்ற வரியில் *-*-* 01:00:00 என்று எழுதினால், எல்லா ஆண்டும், எல்லா மாதமும், எல்லா நாளும் இரவு 1 மணி என்று பொருள். இன்ஸ்டால் தலைப்பின் கீழ் வான்டட்பை என்ற வரியில் டைமர்ஸ் டார்கெட் என்பதன் பெயரைக் கொடுக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 01:00 என்று எழுதினால் நமக்குக் காலை ஆறரை மணி. இங்கே இரவு 1 மணிக்கு ஓட வேண்டுமென்றால் அங்கே முந்தைய நாள் 19:30 என்று எழுத வேண்டும். இந்தக் கணக்கைத் தலையில் சுமப்பதைவிட, அதே வரியின் முடிவில் ஆசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று நேர மண்டலத்தின் பெயரைச் சேர்த்துவிடலாம். எழுதியது சரிதானா என்பதை ஊகிக்கவும் வேண்டாம்: சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையுடன் காலண்டர் என்ற சொல்லும், மேற்கோள் குறிகளுக்குள் உங்கள் நேர வரியும் கொடுத்தால், அடுத்து எப்போது ஓடும் என்பதை அது காட்டும்.

பெர்சிஸ்டன்ட் என்ற வரிக்கு ட்ரூ என்ற மதிப்பைக் கொடுத்தால், 1 மணிக்கு சர்வர் அணைந்திருந்தாலும் மறுபடி எழுந்ததும் விட்டுப்போன வேலை ஓடும். அது வேலை நேரத்தில் நிகழக்கூடும் என்பதால், சர்வீஸ் கோப்புகளில் நைஸ் என்ற வரிக்கு 10 போன்ற ஒரு மதிப்பும், ஐஓஷெட்யூலிங்கிளாஸ் என்ற வரிக்கு ஐடில் என்ற மதிப்பும் கொடுத்து வேலையின் முன்னுரிமையைக் குறைத்துவைப்பது நல்லது. பல சர்வர்கள் ஒரே இடத்துக்கு நகல் அனுப்புவதானால் ரேண்டமைஸ்டுடிலேசெக் என்ற வரி அவற்றைச் சற்றே கலைத்து விடும்.

ஆறாம் படி: இயக்கிப் பார்த்தல்

கோப்புகளை எழுதியதும், பிறகு ஒவ்வொரு முறை திருத்தியதும், சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு என்ற கட்டளையைத் தர வேண்டும். அதை மறந்தால் பழைய வடிவமே நினைவகத்தில் இருக்கும். திருத்தியும் மாறவில்லையே என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருப்போம். எழுத்துப் பிழைகளைச் சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை என்ற கட்டளை கண்டுபிடித்துச் சொல்லும்.

டைமரை இயக்கும் முன் சங்கிலியைக் கையால் ஒரு முறை ஓட்டுங்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் பேக்கப்-டம்ப் என்று தட்டினால், ஒன்ஷாட் வேலை என்பதால், அது முடியும்வரை முனையம் காத்திருக்கும். காத்திருக்க வேண்டாமெனில் இரண்டு சிறுகோடுகளுடன் நோ-பிளாக் என்று சேர்க்கலாம். வேறொரு முனையத்தில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று பார்த்தால் ஆக்டிவேட்டிங் என்று இருக்கும். முடிந்த பிறகு இன்ஆக்டிவ், டெட் என்று வரும். முதல் முறை பார்ப்பவர்கள் அந்தச் சொல்லைக் கண்டு கலங்குவதுண்டு. ஒன்ஷாட் வேலைக்கு அதுதான் இயல்பான ஓய்வு நிலை. பார்க்க வேண்டியது அதன் கீழுள்ள முடிவு எண்ணை. அங்கே 203 வந்தால் ஸ்கிரிப்டை இயக்கவே முடியவில்லை. பாதையோ இயக்க அனுமதியோ முதல் வரியோ தவறு. 217 வந்தால் யூசர் வரியிலுள்ள பயனர் சர்வரில் இல்லை. மற்ற சிறு எண்கள் பெரும்பாலும் உங்கள் ஸ்கிரிப்ட் தந்தவை.

எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்பதுடன் இரண்டு சிறுகோடுகளுடன் நவ் என்று சேர்த்து, பேக்கப்-டம்ப் டைமரின் முழுப் பெயரைக் கொடுங்கள். எனேபிள் செய்ய வேண்டியது டைமரை மட்டுமே, சர்வீஸ்களை அன்று. சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் என்ற கட்டளை, அடுத்த ஓட்டம் எப்போது, கடைசி ஓட்டம் எப்போது என்பதை ஒரே அட்டவணையில் காட்டும். அதில் உங்கள் டைமர் தெரிந்த பிறகு கிரான் பட்டியலிலுள்ள மூன்று பழைய வரிகளின் முன்னால் எண்குறி போட்டு முடக்குங்கள். இரண்டு ஏற்பாடுகளும் ஓர் இரவுகூடச் சேர்ந்து ஓட வேண்டாம்.

ஏழாம் படி: வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். நானும் முன்பு தவிர்த்தவன்தான். எச்சரிக்கை வரும் என்று நம்புவது வேறு, வந்ததைப் பார்ப்பது வேறு. சிஸ்டம்சிடிஎல் எடிட் பேக்கப்-செக் என்று தட்டினால், மூலக் கோப்பைத் தொடாமல் அதன்மேல் ஒரு திருத்தக் கோப்பை எழுதலாம். அதில் சர்வீஸ் தலைப்பின் கீழ், முதலில் எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரியை மதிப்பின்றி வெறுமையாக எழுதிப் பழையதை அழித்து, அடுத்த வரியில் எக்ஸெக்ஸ்டார்ட் மதிப்பாக ஃபால்ஸ் கட்டளையின் முழுப் பாதையைக் கொடுங்கள். எப்போதும் தோற்பதற்கென்றே உள்ள கட்டளை அது. இப்போது சங்கிலியைத் தொடங்கினால் நகல் எடுக்கப்பட வேண்டும், சரிபார்ப்பு தோற்க வேண்டும், பேக்கப்-காப்பி தொடங்கவே கூடாது, எச்சரிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும். நான்கும் நடந்ததைக் கண்ணால் பார்த்த பின் சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் பேக்கப்-செக் என்று தட்டித் திருத்தத்தை நீக்குங்கள். தோல்விக் குறியைச் சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெய்ல்டு அழிக்கும். இதேபோல் மற்ற இரண்டு கண்ணிகளையும் உடைத்துப் பாருங்கள்; பேக்கப்-காப்பியை உடைக்கும்போது மறுமுயற்சிகள் தீரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

அன்றாடப் பார்வை

காலையில் சர்வருக்குள் நுழைந்ததும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையுடன் இரண்டு சிறுகோடுகள் ஃபெய்ல்டு என்று தட்டும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் தோற்ற யூனிட் எதுவும் இல்லை. ஏதேனும் இருந்தால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் சிறுகோடு யூ என்பதற்குப் பின் மேற்கோள் குறிகளுக்குள் பேக்கப்-நட்சத்திரக் குறி என்று கொடுத்து, இரண்டு சிறுகோடுகளுடன் சின்ஸ், அதன் மதிப்பாக எஸ்டர்டே என்று சேர்த்தால், மூன்று வேலைகளின் பதிவுகளும் நேர வரிசையில் ஒன்றாகக் கலந்து வரும். எந்தக் கண்ணி எப்போது முடிந்தது, அடுத்தது எப்போது தொடங்கியது, எந்தச் செய்திக்குப் பின் நின்றது என்பதைக் கதைபோலப் படிக்கலாம். ஸ்கிரிப்டுகளின் வெளியீடு எல்லாம் தானாகவே இந்தப் பதிவேட்டுக்குள் வருவதால், தனிப் பதிவுக் கோப்புகள் தேவையில்லை. ஆனால் விஏஆர் அடைவின் லாக் பகுதியில் ஜர்னல் என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில், அது இல்லையென்றால் பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சர்வர் மறுதொடக்கம் ஆனதும் போய்விடும்.

எட்டாம் படி: வெளியிலிருந்து ஒரு காவல்

இதுவரை செய்த எல்லாம் அந்த சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் பேசும். டைமரையே யாரேனும் நிறுத்திவைத்து மறந்திருந்தாலும், மின்னஞ்சல் போகும் வழி அடைபட்டிருந்தாலும், சர்வரே அணைந்திருந்தாலும், எச்சரிக்கை வராது. எச்சரிக்கை வராத காலைப்பொழுது வெற்றி பெற்ற காலைப்பொழுதைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே நகலைப் பெறும் மறு சர்வரில் தனியாக ஒரு சிறு சர்வீஸும் டைமரும் வையுங்கள். அது காலை 7 மணிக்கு எழுந்து, ஃபைண்ட் கட்டளையின் எம்மின் தன்மையால் கடந்த 1560 நிமிடங்களுக்குள், அதாவது 26 மணி நேரத்துக்குள், வந்து சேர்ந்த நகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்சிங்க் கோப்பின் பழைய நேரத்தையும் சேர்த்தே அனுப்பும்படி அமைந்திருந்தால், அந்த நேரம் நகல் எடுக்கப்பட்ட நேரத்தைக் குறிக்கும். கணக்குக்கு அதுவே இன்னும் பொருத்தம். அதன் அளவு முந்தைய நாளின் நகலில் பாதிக்கும் குறைவாக இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். ஃபைண்ட் எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும் 0 என்றே வெளியேறும் என்பதால், வெளியீடு வெறுமையாக இருந்தால் 1 என்று வெளியேறும்படி ஸ்கிரிப்டில் நீங்களே எழுத வேண்டும். அதற்கும் அதே ஆன்ஃபெய்லியர் வரி. ஆனால் எச்சரிக்கை அந்த இரண்டாவது சர்வரிலிருந்து, முதல் சர்வர் பயன்படுத்தாத வேறொரு வழியில் புறப்படட்டும்.